உள்ளிருப்பும் வெளியிருப்பும்: கல்லூரிப் பணிப்பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

1

கல்லூரி மாணவர்கள் ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்வதைச் சுற்றறிக்கைத் தமிழ் ‘உள்ளிருப்புப் பயிற்சி’ என்கிறது. ‘உள்ளிருப்பு’ நமக்குப் பழகிய சொல்தான். ‘உள்ளிருப்புப் போராட்டம்’ என்று சுவரொட்டிகளில் எவ்வளவோ படித்திருக்கிறோம். அந்த உள்ளிருப்பில், உள்ளே இருக்க உரிமையுள்ள தொழிலாளி வெளியேற மறுக்கிறார். இந்த உள்ளிருப்பில், அப்படியொரு உரிமையை யாரும் எழுதித் தராத பத்தொன்பது வயசுப் பிள்ளை ஒருத்தி, ‘சார், ஒரு பதினஞ்சு நாளு ஓரமா உக்காந்துக்கறேன் சார்’ என்று கடை கடையாக ஏறி இறங்குகிறாள். சொல் ஒன்று, நடுவில் கிடக்கிற தூரம் பெரிது. அந்தத் தூரத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

பணிப்பயிற்சி என்பது மருத்துவம், பொறியியல் படிக்கிறவர்களின் சமாச்சாரம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடியொற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், இளநிலை மாணவர்கள் நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கின்றன. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும், மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் கோடை விடுமுறைப் பயிற்சி இடம்பெறுகிறது. 2022 மார்ச் 1இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் திறன், வேலை, நிறுவனம் என்கிற மொழியைக் கலைக் கல்லூரி வகுப்பறைக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆக, கல்விக் கொள்கையில் எதிரெதிராக நிற்கிற இரண்டு அரசுகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: வரலாறு படிக்கிறவனும் தமிழ் படிக்கிறவளும் ‘வெளியே’ போய் வேலை பார்த்துவிட்டு வர வேண்டும்.

நல்லது, போய் வரட்டும். எங்கே போவது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான கலைக் கல்லூரிகளிடம் இருக்கிற பதில் இரண்டே சொல்: ‘நீங்களே பாத்துக்குங்க.’

2

இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் (பெயர் வேண்டாம்) இத்தகைய பயிற்சி அறிக்கைகளை ஒரு கட்டாக வாங்கிப் படிக்க வாய்த்தது. பிரதி என்ற அளவில் அவை கவனத்துக்குரியவை. ஸ்பைரல் பைண்டிங். முதல் பக்கம் உறுதிமொழி. பிறகு நன்றியுரை. பிறகு ‘நிறுவனத்தின் வரலாறு’. அதற்கப்புறம் ‘நான் கற்றுக்கொண்டவை’ என்ற தலைப்பில் நேர மேலாண்மை, குழுவாக வேலை செய்தல், தகவல் தொடர்புத் திறன். மொபைல் கடைக்குப் போனவனும் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனவளும் கற்றுக்கொண்டவை ஒரே வரிசையில், ஒரே எழுத்துப் பிழையோடு இருக்கின்றன. எந்தக் கை எதைத் தொட்டது, யார் யாரை அதட்டினார்கள், மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், டீ வாங்க யாரை அனுப்பினார்கள் என்று ஒரு வரி கிடையாது. ‘நான்’ என்று தொடங்குகிற இந்தப் பிரதிகளில் இல்லாதது ‘நான்’ ஒன்றுதான்.

மாணவர்கள் சோம்பேறிகள், ஜெராக்ஸ் கடையில் அறிக்கை வாங்கிவிடுகிறார்கள் என்று ஆசிரியர் அறைகளில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு பிரதியை யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்? படிப்பவர் இல்லாத இடத்தில் எழுதுபவரும் இருக்க முடியாது.

அந்தக் கட்டில் உயிருள்ள பக்கம் சான்றிதழ் பக்கம்தான். லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, கையெழுத்து. விசாரித்தால் சித்தப்பாவின் கடை, மாமாவின் டிராவல்ஸ், அதே தெருக்காரரின் பைனான்ஸ், அப்பா வேலை பார்க்கிற ரைஸ்மில். உறவும் தெருவும் இல்லாதவர்கள் காசு கொடுத்து ஆன்லைனில் சான்றிதழ் வாங்குகிறார்கள். சித்தப்பாவுக்குச் சென்னையில் கம்பெனி இருந்தால் பிள்ளை கம்பெனியில் பயில்கிறான். சித்தப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர் என்றால் அவன் பயில இடமே இல்லை. ஏனென்றால் சூளைக்கு லெட்டர்பேடு கிடையாது.

3

தமிழ்நாட்டில் ‘படிப்போடு வேலை’ என்று யாராவது சொன்னால் காது சட்டென்று விறைத்துக்கொள்ளும். அதற்குக் காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. பெரியார் அதற்கு வைத்த பெயரே வரலாற்றில் நிலைத்தது: குலக்கல்வி. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்த எழுபது வருஷத்து நினைவு இருந்தது.

குலக்கல்வியை எதிர்த்தவர்கள் உழைப்பை எதிர்த்தார்கள் என்று ஒரு திரிப்பு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. களிமண்ணைத் தொடுவதில் அவர்களுக்கு என்ன ஆட்சேபம்? குயவர் வீட்டுப் பிள்ளை மட்டும் களிமண்ணைத் தொட வேண்டும், வக்கீல் வீட்டுப் பிள்ளை சட்டப் புத்தகத்தைத் தொட வேண்டும் என்று பிறப்பு இடத்தைப் பிரித்துக் கொடுப்பதில்தான் ஆட்சேபம். கற்கிற இடத்தை யார் ஒதுக்குகிறார்கள் என்பதே 1953இன் கேள்வி.

இந்தக் கேள்வியை இன்றைய பணிப்பயிற்சியிடம் கேட்டுப் பார்க்கலாம். ‘நீங்களே பாத்துக்குங்க’ என்று பல்கலைக்கழகம் கையை விரித்ததும் மாணவன் போய் நிற்கிற இடம் எது? உறவு, தெரு, சாதி, அப்பாவின் தொழில். அரசாணை போட்டுக் கொண்டுவந்ததை அரசாணை போட்டு எடுத்துவிட முடிந்தது. யாருடைய ஆணையும் இல்லாமல் ஒரு சுற்றறிக்கையின் மௌனத்தால் வருகிற குலக்கல்வியை எதிர்த்து யார் ஊர்வலம் போவது?

பால் வில்லிஸ் 1977இல் எழுதிய புத்தகம் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில் பன்னிரண்டு தொழிலாளர் வீட்டுப் பையன்களைக் கூடவே இருந்து கவனித்து, தொழிலாளியின் பிள்ளைக்குத் தொழிலாளியின் வேலையே எப்படிப் போய்ச் சேருகிறது என்று அவர் காட்டினார். பள்ளிக்கூடத்தை அந்தப் பையன்கள் கிண்டலடித்து உதறுகிறார்கள். அந்த உதறலே அவர்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுகிறது. நம் மாணவர்கள் உதறுகிறவர்கள் அல்லர். வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், நம்பி வந்தவர்கள். இங்கே உதறுகிற வேலையைக் கல்லூரியே செய்துவிடுகிறது.

4

சரி, ஒரு வேலையிடத்தில் கற்றல் எப்படித்தான் நடக்கிறது? ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் எழுதிய சிறு நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். ‘உரிமையுள்ள விளிம்புப் பங்கேற்பு’ என்று தமிழில் சொல்லலாம். ‘விளிம்பு’ என்றால் நம் விமர்சனத்தில் ஒதுக்கப்பட்ட இடம் என்றே பழகியிருக்கிறோம். அவர்களுக்கு அது நுழைவாயில். புதிதாக வருகிறவர் ஓரத்தில் நின்று, சிறிய ஆனால் உண்மையான வேலையைச் செய்து, மெள்ள மெள்ள நடுவுக்கு வருகிறார்.

அவர்கள் தரும் உதாரணங்களில் ஒன்று லைபீரியாவின் தையற்காரர்கள். அங்கே கற்க வருகிற பையன் முதலில் பொத்தான் வைக்கிறான், ஓரம் அடிக்கிறான், பிறகு தைக்கிறான், வெட்டுவதைக் கடைசியில்தான் கற்கிறான். உடுப்பு உருவாகிற வரிசைக்கு நேர் எதிரான வரிசை. துணியை வெட்டுவதில் தப்பு செய்தால் துணி போச்சு. பொத்தானில் தப்பு செய்தால் பிரித்துக்கொள்ளலாம். தையல் கடை தெரிந்த எவருக்கும் இது புதிதல்ல. நம்மூர் ‘காஜா பையன்’ செய்வதும் இதேதான். காஜா எடுத்துக்கொண்டே அவன் வாடிக்கையாளரிடம் மாஸ்டர் பேசுகிற பேச்சைக் கேட்கிறான், கத்தரி போகிற போக்கைப் பார்க்கிறான். ஓரத்தில் இருந்தாலும் கண்ணுக்கு மறைப்பில்லை.

இன்னொரு உதாரணம் இதற்கு நேர்மாறானது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் இறைச்சிப் பிரிவு. பயில வந்தவர்களை இறைச்சியைப் பொதிகிற எந்திரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வெட்டுகிறவர்கள் இருப்பது தனி அறை. பொதிகிற இடத்திலிருந்து வெட்டுகிற இடம் தெரியாது. எவ்வளவு நாள் நின்றாலும் பொதியத்தான் வரும்.

இரண்டு பேருமே சின்ன வேலைதான் செய்கிறார்கள். ஒருவனுக்குப் பார்க்க முடிகிறது, மற்றவனுக்கு முடியவில்லை. ‘எங்க பசங்கள ஜெராக்ஸ் எடுக்க விடறாங்க சார்’ என்று குறைப்படும்போது நாம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. ஜெராக்ஸ் எடுப்பதில் தப்பில்லை. எடுக்கிற காகிதம் என்ன, அது எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, அதன்மேல் யார் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்கவும் பார்க்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால் அவள் காஜா பையன். இல்லையென்றால் பொதி எந்திரம். அந்தப் பெயரில் ‘உரிமை’ என்ற சொல் சும்மா ஒட்டிக்கொண்டு இல்லை.

5

உரிமை இல்லாத பயிற்சி என்னவாகும் என்பதற்குத் திருவண்ணாமலைக்காரர்களாகிய நாம் வெளியே போய்ப் படிக்க வேண்டியதில்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழக அரசு 2006 மே மாதம் ஆணையிட்டது. 2007இல் ஆறு ஊர்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. அவற்றில் ஒன்று இங்கே. பாடத்திட்டம் இருந்தது, விடுதி இருந்தது, ஊக்கத்தொகை இருந்தது, தேர்வு இருந்தது, சான்றிதழும் இருந்தது. ஆறு பள்ளிகளிலுமாக இருநூறுக்கு மேற்பட்டவர்கள் படித்து முடித்தார்கள்.

போய் நிற்க இடம்தான் இல்லை. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போய், 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்து, அதன் பிறகும் ஓரிருவரைத் தவிர யாருக்கும் கருவறை வாசல் திறக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்று அரசு அர்ச்சகர் பணி நியமன ஆணைகளை வழங்கியபோதுதான் இந்தப் பள்ளிகளில் படித்த 24 பேருக்கு வேலை கிடைத்தது. இருபதுகளில் படித்தவர்கள் முப்பதுகளின் நடுவில் இருந்தார்கள். மந்திரம் தெரியாமலா பதின்மூன்று வருஷம் வெளியே நின்றார்கள்? அர்ச்சனை என்பது கையும் குரலும் சேர்ந்த வேலை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்து, விளக்கை எடுத்துக் கொடுத்து, பூவைத் தொடுத்துக் கொடுத்துத்தான் கற்க முடியும். அந்தப் பக்கத்து இடத்தைப் பரம்பரை தன் கையில் வைத்திருந்தது. படிப்பை அரசு கொடுத்தது. இடத்தைக் கொடுக்க அதனால் முடியவில்லை.

நம் கலைக் கல்லூரி மாணவருக்குப் படிப்பும் இடமும் வேறு விதமாகப் பிரிந்து கிடக்கின்றன. அவருக்குச் சித்தப்பா கடையில் இடம் உண்டு. அங்கே கல்லூரி இல்லை. இரண்டு கதைகளிலும் நஷ்டப்படுகிறவர் பிறப்பால் ‘நல்ல இடம்’ வாய்க்காதவர். படிப்பைக் கொடுக்கிறவரே இடத்துக்கும் பொறுப்பேற்காதவரை, இடத்தைக் குலமே கொடுத்துக்கொண்டிருக்கும்.

6

இடத்துக்குப் பொறுப்பேற்பது நடக்காத காரியம் என்பார்கள். நடக்கிற இடங்களைப் பார்ப்போம்.

மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டுமென்றால் முதலில் மருத்துவமனையைக் காட்ட வேண்டும். எத்தனை படுக்கை என்று எண்ணிய பிறகுதான் எத்தனை மாணவர் என்று முடிவாகிறது. படிப்பு முடிந்ததும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன், அதற்கு உதவித்தொகை. பிலானியில் இருக்கிற பிட்ஸ் நிறுவனம் 1973இல் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ என்ற முறையைத் தொடங்கியது. ஆலைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மாணவரோடு ஆசிரியரையும் அங்கே அனுப்பியது. பி.எட். படிப்பு, 2014ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பிறகு இரண்டாண்டானபோது, இருபது வாரங்கள் பள்ளியில் இருக்க வேண்டும் என்றானது. எந்தப் பள்ளி என்பதற்குக் கல்வித் துறையின் அனுமதி உண்டு. வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்குகிறார்கள். நம் மாவட்டத்து வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைகளும் அப்படித் தங்குகிறவர்கள்தாம். காந்திகிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே ஊரில் போய்த் தங்குகிற வழக்கம் உண்டு.

இவற்றுள் நான் அதிகம் மதிப்பது சமூகப்பணித் துறையின் முறை. 1936இல் பம்பாயில் டாட்டா பள்ளி தொடங்கியதிலிருந்து இந்தியாவில் வளர்ந்த மரபு அது. வாரத்தில் இரண்டு நாள் களம், மற்ற நாள் வகுப்பு. களத்தில் ஒரு பொறுப்பாளர், கல்லூரியில் ஒரு பொறுப்பாளர். மாணவர் வாரந்தோறும் நடந்ததை எழுதுகிறார்; ஆசிரியர் படித்து, ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பித் தருகிறார்; அதை வைத்துத் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த அறிக்கைக்கு ஒரு வாசகர் இருக்கிறார். ஆகவே அதில் ஒரு ‘நான்’ இருக்கிறது.

சட்டமும் ஒரு வகையில் வழிகாட்டுகிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர் என்று சொல்லி, தொழிலாளர் சட்டங்களின் பெரும்பகுதியிலிருந்து அவரை வெளியே நிறுத்துகிறது. அது அதன் தந்திரம். ஆனால் அதே சட்டம் எழுத்துபூர்வமான ஒப்பந்தம், உதவித்தொகை, காயம்பட்டால் இழப்பீடு ஆகியவற்றையும் சொல்கிறது. 1973 திருத்தத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், 2007 திருத்தத்தில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பயிற்சியிடங்களில் ஒதுக்கீடு வந்தது. கல்லூரியில் சேர இடஒதுக்கீடு உண்டு. ஆலைப் பழகுநருக்கும் உண்டு. நடுவில், பட்டம் வாங்கக் கட்டாயமாக்கப்பட்ட இந்தப் பதினைந்து நாளுக்கு மட்டும் ஒதுக்கீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, ஒரு பொட்டலம் சோற்றுக்குக் காசும் இல்லை.

விலை உயர்ந்த படிப்புக்கு இடத்தை நிறுவனம் கொடுக்கிறது. ஏழையின் படிப்புக்கு இடத்தை ஏழையே தேடுகிறான். ‘நீயே ஒரு ஆஸ்பத்திரி பாத்துக்கோ’ என்று மருத்துவ மாணவனிடம் எந்தக் கல்லூரி சொல்லும்?

7

அப்படியானால் ஒரு கலைக் கல்லூரி என்ன செய்யலாம்? இதைப் பட்டியல் போடாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் காரியம் இடங்களின் பதிவேடு. ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கு ஊரில் எங்கே வேலை நடக்கிறது என்று தேட வேண்டும். தமிழ்த் துறையை எடுத்துக்கொள்வோம். தமிழ் படிக்கிறவர் எங்கே போவார் என்று சிரிக்கிறவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போகட்டும். குறைதீர்க்கும் நாளில் வெளியே உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர்கள், ஒரு கிழவியின் அரைமணி நேரப் பேச்சை அரைப்பக்கமாக மாற்றுகிறார்கள். எதை விடுகிறார்கள், ‘சமூகம்’, ‘பணிவான விண்ணப்பம்’ என்பவற்றை எங்கே வைக்கிறார்கள், அதிகாரி எந்த வரியைப் படிப்பார் என்று எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார்கள்? சொல்லாடல் பற்றி நாம் மொழிபெயர்த்துப் படித்ததெல்லாம் அங்கே மேசை போட்டு நடக்கிறது. பத்திர எழுத்தர் அலுவலகம் இன்னொரு இடம். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் 1972இல் நூலாக வந்தன. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. இந்த நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நிற்பதும் பணிதான்.

இரண்டாவது, அனுப்புவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது. கழிப்பறை இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கடை அடைக்கிறார்கள், கூட இருக்கப்போவது யார், அவரிடம் கேள்வி கேட்கலாமா? கல்லூரி, வேலையிடம், மாணவர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் காகிதம் போதும். என்ன வேலை, எதைப் பார்க்க அனுமதி, எத்தனை மணி நேரம், அடிபட்டால் யார் செலவு என்று அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது காசும் பஸ்ஸும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதன் பயன் பெரிது; கூடவே வேறொன்றும் நடக்கிறது. பெண் பிள்ளைகளின் பயிற்சி வரைபடம் டவுன் பஸ் வழித்தட வரைபடமாக ஆகிவிட்டது. டவுன் பஸ் போகாத செய்யாறு தொழிற்பேட்டைக்குப் போகிற பிள்ளைக்கு யார் டிக்கெட் எடுப்பது? தங்க வேண்டுமென்றால் வீட்டில் யார் அனுப்புவார்கள்? ‘ஆர்வமில்லை’ என்று நாம் குறித்துவைப்பதில் பாதி பஸ் கட்டணமாக இருக்கும்.

நான்காவது பாதுகாப்பு. பணியிடத்தில் பெண்களுக்கெதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டம் பயிற்சி பெறுபவரையும் ‘பணியாளர்’ என்ற வரையறைக்குள் வைக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். நம் பிள்ளைகள் போகிற கடைகளில் பெரும்பாலானவை அப்படிச் சிறியவைதான். இதை அனுப்பும் முன் சொல்லிக்கொடுப்பது ஒரு மணி நேர வேலை. ‘பிரச்சினைன்னா எனக்குப் போன் பண்ணு’ என்று சொல்ல ஒரு ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆசிரியர் யார் என்பதில்தான் கட்டிடமே ஆட்டம் காண்கிறது. அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் கணிசமான பகுதியைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. மாணவர் பயிற்சிக்குப் போகிற கோடை விடுமுறை எது? அதே மே. சம்பளமில்லாத மாதத்தில், சம்பளமில்லாத மாணவரை, சம்பளமில்லாத ஆசிரியர் போய்ப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெயர் கல்வித் திட்டமா? களத்துக்குப் போகிற ஒவ்வொரு மணியும் வகுப்பெடுத்த மணியாகக் கணக்கில் வர வேண்டும். பருவத்துக்குள்ளேயே, வாரத்தில் ஒரு நாள் என்று பயிற்சியைப் பிரித்து வைத்தால் மே மாதச் சிக்கலும் தீரும், நடந்ததை மறுநாள் வகுப்பில் பேசவும் முடியும்.

8

ஒரு மறுப்பு வரும். ‘எங்க பசங்க ஏற்கெனவே வேலைக்குப் போறாங்க. இதுல தனியா பயிற்சி எதுக்கு?’ உண்மைதான். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்களில், முகூர்த்த நாளில் கேட்டரிங்கில் இலை போடுகிறவர்களில், ஜவுளிக் கடையில் சேலை மடிக்கிறவர்களில் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர்! கூலி வாங்குகிற இந்த வேலையைக் கல்லூரி பார்க்காததுபோல் இருந்துவிடுகிறது; கூலியில்லாத, லெட்டர்பேடு உள்ள வேலையைத்தான் பயிற்சி என்று கணக்கில் எடுக்கிறது.

கேட்டரிங் வேலையையே பயிற்சியாக ஏற்கலாம் என்பேன். அது மறுபடி குலக்கல்வி ஆகாதா? மாணவர் தனியாகப் போனால் ஆகும். கூடவே அவருடைய படிப்பும் போனால் ஆகாது. பொருளாதார மாணவி அந்தப் பந்தியின் கணக்கை எழுதட்டும்: ஏஜெண்டுக்கு எவ்வளவு, பரிமாறுகிறவருக்கு எவ்வளவு, எச்சில் இலை எடுக்கிற அம்மாவுக்கு எவ்வளவு. சமையலறைக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று வரலாற்று மாணவன் எழுதட்டும். தன் உழைப்பைத் தானே படிக்கிற இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவர முடிந்தால் அதற்குமேல் கல்வியிடம் நான் எதையும் கேட்கமாட்டேன்.

மாறாக, பயிற்சியே வேண்டாம், பழையபடி புத்தகத்தோடு நிற்கட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. புத்தகத்தோடு நின்றவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எந்த ஆபீஸ் வாசலில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் திரும்பியதையும் பார்த்தவர்கள் நாம். வெளியுலகத்தின் கதவு சிலருக்குப் பிறக்கும்போதே திறந்திருக்கிறது. மற்றவர்களுக்குத் திறக்கக்கூடிய ஒரே பொது நிறுவனமாகக் கல்லூரிதான் மிச்சமிருக்கிறது. இடங்களின் பதிவேடு, ஒரு பக்க ஒப்பந்தம், பஸ் காசு, களத்துக்கு வருகிற ஆசிரியர், அறிக்கையைப் படிக்கிற ஒரு ஆள் — கேட்பது இவ்வளவுதான். இவற்றைத் தர முடியாது என்று ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால், கட்டாயம் என்ற சொல்லையாவது தன் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடட்டும். இடத்தைத் தராமல் போகச் சொல்வதற்கு அதற்கு உரிமையில்லை.